அதேதான் வாசிக்கிறாளா?

அக்காவின் கீபோர்டில் என்ன ஒலிக்கிறது என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஆந்திர எல்லை ஊரான நகரியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறிகள் ஓடின. அந்தச் சத்தத்தில் அவள் இயர்போன் மாட்டித்தான் வாசிப்பாள். ஒன்று அவள் காதில், இன்னொன்று என் காதில். போனில் பார்த்துக் கற்றுக்கொண்ட ஜாஸ், அதிலும் பீபாப் என்கிற வேகமான வகை. பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டுகள் இடக்கையில் சடசடவென்று மாறும். வலக்கை அவற்றுக்கு ஈடுகொடுத்து ஓடும். எந்தக் கார்டுக்கு எந்தச் சுரம் பொருந்தும் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து, தேர்வுக்காக ஒரு வாசிப்பை அவளே கட்டி வைத்திருந்தாள். சோறு தின்னும்போதும் அது என் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

சென்னை இசைக் கல்லூரிக்கான தேர்வு திருப்பதியில் நடந்தது. பெண்ணைச் சென்னை வரைக்கும் அனுப்ப நைனாவுக்கு மனமில்லை. "ஒரு தப்பு வந்தாலும் இதோட வுட்டுடணும்" என்று சொல்லித்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அரங்கில் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"நீதான தெனம் கேட்டுக்கினு கீற. தப்பு வந்தா எங்கிட்ட சொல்லணும், இன்னா?"

எட்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

தேர்வாளர் அம்மா ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். எனக்கும் நைனாவுக்கும் புரியவில்லை. அக்காவின் முகம் வெளுத்தது. உடன் வாசிக்க வந்திருந்த கிட்டார்காரர் தொடங்கினார். நான் கேட்டுப் பழகிய கார்டுகளே இல்லை. அக்கா விரல்களைக் கட்டைகளுக்கு மேலே நிறுத்தியபடி, தலையைக் குனிந்துகொண்டு சும்மா இருந்தாள்.

"மறந்துட்டாளா?" நைனா பாதி எழுந்துவிட்டார்.

"இல்ல நைனா, இப்ப வரும்."

வந்தது. முதலில் மூன்றே சுரங்கள். ஒரு நிறுத்தம். பிறகு ஒரே ஓட்டம். அதில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுகூட இல்லை. நைனா என் கையைப் பிடித்தார்.

"அதேதான் வாசிக்கிறாளா?"

"அதேதான் நைனா. ஒரு தப்பும் இல்ல."

அதுவரை அவ்வளவு பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. நைனா மெல்ல உட்கார்ந்தார். என் கையை மட்டும் விடவில்லை.

அக்காவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்கும் பாட்டு தெரியாது போலிருக்கிறது, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் பஸ்ஸில் நைனா கண்ணயர்ந்ததும் அக்காவின் காதில் சொன்னேன்.

"நான் நைனாகிட்ட சொல்லலக்கா."

"இன்னாத்தடி?"

"நீ எல்லாத்தையும் மாத்தி வாசிச்சத."

மனப்பாடம் வேண்டாம், புதிதாகக் கேட்கும் கார்டுகளுக்கு அந்தக் கணத்தில் தோன்றுவதை வாசி என்பதுதான் அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னது என்று அவள் அன்று விளக்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்து, என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷம் என்று எண்ணி, நைனாவுக்குக் கேட்காமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.