நான் போடாத கையெழுத்து

துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரம் தள்ளி, கடலோரமாக இருக்கும் எங்கள் சின்ன நகரத்தில் ஒரு பழைய மாளிகை உண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில் ஆங்கிலேயக் கப்பல் ஏஜெண்ட் ஒருவர் கட்டியதாம். கலர்க் கண்ணாடி ஜன்னல், வளைந்து ஏறும் மரப்படி, இந்த வெயிலில் யாருக்கும் வேண்டாத கணப்படுப்பு எல்லாம் அப்படியே இருக்க, இப்போது அது பொது நூலகம். துரை விருந்து சாப்பிட்ட கூடத்தில் நாங்கள் பேப்பர் படிக்கிறோம். ஊரோடு போய்விடும் தமிழ்க் குடும்பங்கள் புத்தகங்களை அங்கே கொடுத்துவிட்டுப் போவதால், மாடியில் ஒரு அலமாரி முழுக்கத் தமிழ்.

அந்த அலமாரியருகே ஞாயிறுதோறும் ஒருவரைப் பார்ப்பேன். சிவகங்கைப் பக்கம், கட்டட சைட்டில் காங்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் தச்சர். முதல் நாளே படியின் கைப்பிடியைத் தடவி, "பர்மாத் தேக்கு சார். இப்ப எவன் இப்பிடி இழைக்கிறான்?" என்றார். தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பின் பஸ் நாலு மணிக்கு இறக்கிவிட்டு ஐந்தரைக்கு ஏற்றிக்கொள்ளும். அதற்குள் ஒரு தடித்த நாவலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவந்தார். பிள்ளைகளை விட்டுக் கடல் கடந்து பிழைக்கப்போன ஒரு தாயின் கதை. நானும் அதைப் படித்திருப்பதாக அவரிடம் பீற்றிக்கொண்டேன். படித்ததில்லை.

புத்தகத்தை ரூமுக்கு எடுத்துப்போக அட்டை வேண்டும். கேம்ப்பில் இருப்பவர்களுக்கு, குடும்பத்தோடு வசிக்கும் உறுப்பினர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை. நாலாக மடித்த படிவத்தை என்னிடம் நீட்டினார்.

"ஒரு கையெழுத்து மட்டும் சார்."

யாருக்காகவும் எதிலும் கையெழுத்துப் போடாதே என்பது இங்கே வந்த முதல் வாரமே எனக்கு ஓதப்பட்ட பாடம். ஜாமீன் போட்டு ஊருக்கே போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கதை ஆயிரம் கேட்டிருக்கிறேன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் சூடே காணாத பூனை, அப்படியும் பயந்தேன்.

"ஆஃபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். அடுத்த வாரம் மேனேஜர் லீவு என்றேன். அதற்கடுத்த வாரம் அவர் கேட்கவே இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்று எழுதவே கூசுகிறது.

பிறகு ஒரு ஞாயிறு, நாவலோடு என் முன்னால் வந்து நின்றார்.

"நாளைலேர்ந்து அல் ஐன் சைட்டு சார். கேம்ப்பையே மாத்துறாங்க. இன்னும் அறுபது பக்கம் கெடக்கு. நீங்க படிச்சதுதான, கடைசில அந்தம்மா பிள்ளைககிட்ட போயிச் சேந்துருமா?"

வெளியே பஸ் ஹாரன். என் அட்டையில் எடுத்துக் கொடுத்திருக்கலாம். தோன்றியது, செய்யவில்லை.

"சேந்துடுவா" என்றேன்.

"அதான! நான் ஊருக்குப் போயே நாலு வருசமாச்சு. வெளிய கெடந்தா என்ன சார், பெத்தவள மறந்துருமா பிள்ளைக?" புத்தகத்தை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

அன்றே அதை என் பெயரில் எடுத்தேன். ஜாமீன்காரருக்கு என்ன பொறுப்பு என்று கவுண்டரிலிருந்த பெண்ணிடம் அப்போதுதான் கேட்டேன். தொலைந்தால் வேறொரு புத்தகம் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான் என்றாள்.

அந்த வாரமே நாவலை முடித்தேன். அந்தத் தாய் ஊர் வந்து சேரத்தான் செய்கிறாள். வாசலில் நிற்பவளைப் பார்த்து மகள், "யாரு வேணும்?" என்று கேட்கிறாள். அதோடு கதை முடிந்துவிடுகிறது. அவரிடம் உண்மையைச் சொல்ல ஒரு போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. பேச்சை வளர்த்தால் மறுபடி படிவத்தை நீட்டுவாரோ என்று வாங்காமலே இருந்துவிட்டேன்.