பாலத்துக்கு முன்னால் இறங்கியவர்

என் கணவர் மீது எனக்குச் சந்தேகம் வரக் காரணம் மணல்தான்.

அவர் புதுக்கோட்டையில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. நாங்கள் குடியிருந்தது திருமயத்தில். சமஸ்தானம் போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. ஆபீஸ் ஐந்து மணிக்கு முடிந்துவிடும், பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வீடு. ஆனால் அவர் வரும்போது நான் விளக்கேற்றி, சமைத்துவைத்த சோறு ஆறிப்போயிருக்கும். கேட்டால், "வேலை இருந்துச்சு" என்பார்.

துவைக்க எடுத்து உதறினால் வேட்டிக் கரையிலிருந்து மணல் கொட்டும். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ரோட்டுல நடந்தா மண்ணு ஒட்டாம இருக்குமா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

ரோட்டில் இருந்தது செம்மண் புழுதி. இது ஆற்று மணல். அவர் பொய் சொல்கிறார் என்பது அன்றைக்கு உறுதியாயிற்று. எதற்காக என்பதுதான் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு பதில் கிடைத்தது. பக்கத்து வீட்டு அக்கா புளி கடன் வாங்க வந்தவள், போகிற போக்கில் சொன்னாள்: "ஒங்க வீட்டுக்காரரு வெள்ளாத்துப் பாலத்துக்கிட்ட எறங்குனாகளாம். எங்கண்ணன் பஸ்ஸுல இருந்து பாத்துருக்காக. அங்க சொந்தக்காரவுக இருக்காகளா?"

"இருக்காக" என்றேன். எங்களுக்கு அங்கே யாரும் இல்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே, நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது.

பாலத்துக்கு அந்தப் பக்கம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆற்றங்கரையில் சின்னதாக ஓர் ஊர் உண்டு, இருபது முப்பது கூரை வீடுகள். அதில் ஒரு வீட்டை நானே கற்பனையில் கட்டினேன். அதற்குள் ஒருத்தியைக் குடிவைத்தேன். அவளுக்கு நிறம், வயது, கொண்டையில் பூ எல்லாம் கொடுத்தேன். அவள் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுத்தான் இவர் என் சோற்றைப் பாதியில் தள்ளிவைக்கிறார் என்று முடிவுகட்டினேன்.

ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. அவர் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. தண்ணீர் வடிகிற வரைக்கும் காய்ச்சல் விடவில்லை. அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஆற்றைத் தாண்டி அவளிடம் போக வழியில்லை, அதனால்தான் படுத்துக்கிடக்கிறார்.

மறுவருடம் பிரசவத்துக்கு என் அப்பா வீட்டுக்குப் போனேன். அது புதுக்கோட்டையில். மழைக்காலத்தில் மகள் பிறந்தாள். தகவல் சொல்லி ஆள் அனுப்பியும் அவர் வரவில்லை; ஆபீசுக்கும் லீவு போட்டிருந்தாராம். ஒரு வாரம், இரண்டு வாரம். என் அப்பா வாசலில் நின்று ரோட்டைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தார். "பொட்டப்பிள்ளைன்னு வரலையா, இல்ல வேற எதுவுமா?" என்று அம்மாவிடம் அவர் கேட்டது என் காதில் விழுந்தது. இருபத்திரண்டாம் நாள் வந்தார். வேட்டி தொடைவரைக்கும் நனைந்திருந்தது. பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். நான் இரங்கவில்லை. குற்றம் செய்தவர் அழுகை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் என்னையும் பிள்ளையையும் அழைத்துப்போக வந்தார். மூவரும் திருமயம் பஸ்ஸில் ஏறினோம். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றது. யாரும் மணியடிக்கவில்லை. அவர் எழுந்தார்.

"நீ போய்க்கிட்டு இரு. ஒரு சோலி இருக்கு. அடுத்த பஸ்ல வாரேன்."

"பிள்ளைய வச்சுக்கிட்டு நான் தனியாவா போறது?"

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். பஸ் பாலத்தைத் தாண்டியதும், "நிறுத்துங்க, எறங்கணும்" என்று சத்தம் போட்டேன். கண்டக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ரொம்ப நாளா இப்படித்தான் எறங்குறாரு ஆத்தா. நாங்க கேட்டுக்கிட்டது இல்ல" என்றார்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தின் மேல் திரும்பி நடந்தேன். நடுப்பாலத்தில் கைப்பிடிச் சுவரோரமாக நின்று கீழே பார்த்தேன். ஆறு வற்றிப்போய் ஓர் ஓரத்தில் மட்டும் தண்ணீர் ஓடியது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் கணவர் மணலில் நடந்து வந்துகொண்டிருந்தார். தனியாக. எந்த வீட்டுப் பக்கமும் அவர் திரும்பவில்லை.

"என்னங்க" என்று கூப்பிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். செருப்பு கையிலிருந்து விழுந்தது. அப்படியே மணலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளையத் தூக்கிக்கிட்டு அங்க நிக்காத. நடுவுல போ. நடுவுல போ" என்று கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

கரையில் போய் உட்கார்ந்தோம். அவர் மூச்சு சீராக நேரமாயிற்று.

"பாலத்துல ஏறுனா உள்ளங்கால் கூசுது. பாலம் இடிஞ்சிரும்னு இல்ல. நானே எந்திரிச்சுக் குதிச்சிருவேனோன்னு இருக்கு. சாகணும்னு நெனப்பு கெடையாது. ஆனா கையும் காலும் எம்பேச்சக் கேக்காதுன்னு தோணுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"இத எப்படிச் சொல்றது? பைத்தியக்காரனுக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்னு ஒங்கப்பா நெனைக்க மாட்டாரா?"

கண்ணால் பார்த்தும் எனக்கு முழுதாக நம்பிக்கை வரவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இப்படி ஒரு பயம் உண்டா, அல்லது கெட்டிக்காரத்தனமான கதையா? ஒருநாள் அவர் ஆபீஸ் போனபின், கத்தரிக்காய் வாங்குகிற சாக்கில் அந்த ஆற்றங்கரை ஊருக்குப் போய் விசாரித்தேன். அங்கே ஒரு பெண், "ஆபீஸ்காரர் ஒருத்தரு தெனமும் மணல்ல எறங்கிப் போவாரு. யாரோடயும் பேச மாட்டாரு. ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம்" என்றாள். கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்தேன்.

பயம் உண்மை என்று தெரிந்தபின் இன்னொரு தப்புச் செய்தேன். பிடிவாதமாக ஒருதரம் தாண்டிவிட்டால் சரியாகிவிடும் என்று, அவர் கையைப் பிடித்து பஸ்ஸிலேயே உட்காரவைத்தேன். பாலத்தில் ஏறியதும் அந்தக் கை ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கரையில் இறங்கி வாந்தியெடுத்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் கட்டாயப்படுத்தவில்லை. அவராகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பத்து எட்டு வச்சுப் பாக்குறேன், கூட வாரியா?" என்று கேட்டார். பாலத்தின் நடுக்கோட்டில் பத்து எட்டு வைத்துத் திரும்பினோம். வண்டி வந்தால் அன்றைக்கு அதோடு சரி. பல மாதம் கழித்து முக்கால் பாலம். இரண்டு வருடம் கழித்து, ஜன்னல் இல்லாத பக்கம் உட்கார்ந்து, கண்ணை மூடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே தாண்டினார். ஆற்றில் தண்ணீர் ஓடும்போது மட்டும் கடைசிவரை முடியவில்லை. இது ஒரு வியாதிதான், இதற்கு மருத்துவத்தில் பெயர் இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பின்னாளில் ஒரு டாக்டர் சொன்னார். பெயர் இருக்கிறது என்று கேட்டதில் என் கணவருக்கு அத்தனை நிம்மதி.

அறுபதுகளில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது, முசிறிக்கு மாற்றலோடு. திருச்சியைத் தாண்டிக் காவேரி, கொள்ளிடம் என்று இரண்டு பெரிய பாலங்கள். உத்தரவை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு, "என்னால ஆகாது" என்றார். வேண்டாமென்று எழுதிக்கொடுத்தார்.

புருஷனை முன்னேற விடாமல் முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறாள் என்று ஆபீசில் என்னைப் பற்றிப் பேசினார்கள். பக்கத்து வீட்டு அக்காவும் நேரிலேயே கேட்டாள்: "நீங்கதான் போக வேணாம்னு சொன்னீகளாமே?"

"ஆமாக்கா, நான்தான் சொன்னேன்" என்றேன்.