கீழே இருப்பதுதான் புதுசு

கோளரங்கத்தில் அவளுக்கு நகலக்கா என்று பெயர். வைத்தவர் டிக்கெட் கிழிக்கிறவர். அவருக்கே தலை நரைத்துவிட்டது, ஆனாலும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நகல் போயிட்டிருக்கு, யாரும் கை வைக்காதீங்க" என்று விடிந்தால் போதும் ஒரு பாட்டம் கத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அவள் வேலை வானத்தைத் தயார் செய்வது. கேட்க ஏதோ தேவலோகத்து உத்தியோகம் போல இருக்கும். உண்மையில் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு சின்ன அறை, முதுகு வலிக்கிற நாற்காலி, மேஜைமேல் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். சூரியன் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், நிலா எப்போது எழும்ப வேண்டும், எங்கே இசை, எங்கே பேச்சு எல்லாம் அங்கே முடிவாகும். கீழே வட்ட அரங்கில் இன்னொரு லினக்ஸ் கம்ப்யூட்டர். ஜனங்கள் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற வானம் அதிலிருந்துதான் வருகிறது. இரண்டுக்கும் நடுவே சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்பி. வெளி இணையம் கிடையாது.

மேலே செய்ததைக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்க ஆர்சிங்க் என்று ஒரு கட்டளை வைத்திருந்தாள். சிக்கனமான கட்டளை. இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கும், எது மாறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துப் போகும். வீட்டில் இருக்கிற சாமானையே திரும்ப வாங்கி வராத புருஷன் மாதிரி என்று அவள் விளக்கம் சொல்வாள். அப்படி ஒரு புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று டிக்கெட்காரர் கேட்பார்.

மாறியிருக்கிறதா இல்லையா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? கோப்பின் அளவைப் பார்க்கும், கடைசியாகச் சேமித்த தேதியைப் பார்க்கும். அவ்வளவுதான். ஒருமுறை அவள் அரங்கிலேயே உட்கார்ந்து நிலாவின் நிறத்தைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மேலேயிருந்து வந்த பழைய நிலா அந்தப் புது நிலாவின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு வந்தது புத்தி. கட்டளையில் ஒரு எழுத்தைச் சேர்த்தாள். 'கீழே இருப்பது புதுசு என்றால் அதைத் தொடாதே' என்று அதற்கு அர்த்தம். அதன்பிறகு நிம்மதியாக இருந்தாள். நிம்மதியாக இருக்கும்போதுதானே எல்லாம் நடக்கிறது!

அவள் வீட்டுக்காரருக்குப் பேக்கரியில் ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து, ஊர் எழுந்திருக்கும்போது அடுப்பை அணைக்கிறவர். புருவத்தில் மாவோடு அவர் வாசல்படி ஏறும்போது இவள் பையை மாட்டிக்கொண்டு இறங்குவாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேங்க." "சரி, பாத்துப் போ." இதுதான் பல நாள் குடும்பப் பேச்சு. ஒரே வீடு, ஒரே பூட்டு, ஆளுக்கொரு கடிகாரம்.

ஆனால் அரங்கத்துக்கு வார விடுமுறை என்று ஒரு நாள் உண்டு. அன்றைக்கு அவள் மட்டும் வேலைக்குப் போவாள், அவர் பேக்கரியிலிருந்து நேரே அங்கே வந்துவிடுவார். வீட்டில் பகல் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். "உன் ஆபீஸ்லதான் எப்பவும் ராத்திரி" என்று கடைசி வரிசையில் காலை நீட்டுவார். குறட்டை கிடையாது, அது ஒரு புண்ணியம். அவள் நட்சத்திரங்களை நகர்த்திக்கொண்டிருப்பாள். அரங்கு முழுக்கச் சுட்ட ரொட்டியின் வாசனை மெல்லப் பரவும். பகலா இரவா, எந்த மாசம், எதுவும் நினைவில் இல்லாமல் அப்படியே மிதந்துகொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில் மட்டும் அவள் அவரிடம் மனசுவிட்டுப் பேசுவாள். முழித்திருந்தால் 'நீங்க'. தூங்கினால் 'நீ'. இது அவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. அவருடைய அக்கா, நல்ல மனுஷிதான், ஆனால் எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துகொண்டு "இன்னும் ஒண்ணுமில்லையா?" என்று ஆரம்பித்துவிடுவாள். இவளுக்கு அந்தக் கேள்வி வலித்ததில்லை. குழந்தை இல்லாதது தனக்கு ஒரு குறையாகவே படவில்லை என்பது இவளுக்கே ஒரு நாள் தெரிந்து ஆச்சரியமாக இருந்தது. வலித்தது வேறு. வீட்டுக்காரர் மிச்ச மாவில் முயல் பொம்மை செய்து சுட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பிள்ளைகள் முதலில் காதைக் கடிக்கும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏக்கம் இருக்கிறதா என்று இவள் உற்று உற்றுப் பார்ப்பாள். கேட்கத் துணிச்சல் இல்லை. 'இருக்கு' என்று சொல்லிவிட்டால் அப்புறம் என்ன செய்வது? இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் இந்த ஒரு கேள்வியைத் தாண்டித் தாண்டியே நடந்துகொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போது, மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டு, புதுக் காட்சி ஒன்றை அவளே எழுதி அவள் குரலிலேயே பேச வேண்டும் என்று சொன்னார். அதுவரை வெளியில் தயாரான காட்சிகளைத்தான் ஓட்டினார்கள். அவள் 'இருட்டு' என்று ஒரு காட்சி யோசித்தாள். சூரியன் இறங்கும், வெள்ளி தெரியும், பிறகு ஊர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். எல்லாம் அணைந்தபிறகு கொஞ்ச நேரம் வெறும் இருட்டு. கண் பழகப் பழக, இல்லாத இடத்திலெல்லாம் மங்கலான நட்சத்திரங்கள் முளைத்து வரும்.

பேச்சுக்கும் நட்சத்திரத்துக்கும் நேரம் ஒத்துவருகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளோட்டக் குரல் வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் அரங்கிலேயே மைக்கைப் போட்டு, வாய்க்கு வந்ததைப் பேசி அங்கே இருந்த கம்ப்யூட்டரிலேயே பதிந்தாள். எதிரே இருந்தது ஒரே ஆள், அதுவும் தூங்குகிற ஆள். அவரிடமே பேசினாள். வெறும் இருட்டு வருகிற இடத்தில் என்ன பேசுவது என்று தெரியாமல், மனசில் இருந்ததைப் பேசிவிட்டாள். நல்ல குரலைப் பதிந்து அனுப்பும்போது இதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடப்போகிறது, அப்புறம் என்ன பயம்? இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

பிறகு சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் திரும்பியது முதல் காட்சி நாளன்று. காலையில் மின்சாரம் ஒரு கணம் போய்விட்டு வந்தது. அவள் கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டு, வெந்நீர் குடித்து, நல்ல தமிழில், அழகாக, நிறுத்தி நிதானமாகப் பேசிப் பதிந்தாள். கட்டளையைக் கொடுத்தாள். 'முடிந்தது' என்றது திரை. கீழே ஓட்டிப் பார்க்கலாம் என்றால் அரங்கில் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை வருஷமாகப் போகிற நகல், போகாமலா இருக்கும்?

மதியம் ஊழியர்களின் குடும்பங்கள் எல்லாம் வந்தன. வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். "வீட்டுலயே தூங்கிட்டு வந்துட்டேன். இன்னைக்கு முழுசாப் பாக்கறேன்" என்றார். அவருடைய அக்கா எல்லோருக்கும் முன்னாலேயே வந்து நல்ல இடமாகப் பிடித்துவிட்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. சூரியன் இறங்கியது. ஒலிபெருக்கிகளில் அவள் குரல் வந்தது.

"தூங்கிட்டியா?"

அரங்கின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள். இது காலையில் பதிந்த குரல் இல்லையே!

முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை "இல்ல!" என்று கத்தியது. அரங்கே சிரித்தது.

"தூங்கு, தூங்கு. ராவெல்லாம் அடுப்புல வெந்துட்டு வந்திருக்க. நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். இப்ப சூரியன் இறங்குது. அந்தப் பக்கம் வெள்ளையா ஒரு புள்ளி தெரியுதா? அதுதான் வெள்ளி. எந்த விசேஷம்னாலும் முதல் ஆளா வந்து இடம் புடிச்சுக்கும், உங்கக்கா மாதிரி."

மறுபடி சிரிப்பு. அதில் அக்காவின் சிரிப்பும் இருந்ததா என்று கேட்கிற நிலையில் அவள் இல்லை. அவள் கை நிறுத்துகிற பொத்தானின்மேல் இருந்தது. அழுத்தினால் குரல் நிற்கும், நட்சத்திரங்கள் நிற்கும், விளக்கு எரியும், ஒரு மன்னிப்புக் கேட்டால் தீர்ந்தது. ஊர் விளக்குகள் அணைய ஆரம்பித்தன. அடுத்து வெறும் இருட்டு. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அரங்கில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

தூரத்துத் தெரு அணைந்தது. பாலம் அணைந்தது. அழுத்திவிடலாம் என்று நினைத்தாள். அழுத்திவிட்டு நாளைக்குக் காலையில் பையை மாட்டிக்கொண்டு இறங்கலாம், சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன் என்று சொல்லலாம், அதற்கடுத்த நாளும் சொல்லலாம். சாகிறவரைக்கும் சொல்லலாம். அவளுக்குத் திடீரென்று அலுத்துப்போனது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கடைசி விளக்கும் அணைந்தது.

"இப்ப ஒண்ணும் தெரியாது. கொஞ்ச நேரம் ஆகும், கண்ணு பழகணும்" என்றது குரல். பிறகு சத்தம் தாழ்ந்து, பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசுவது போல வந்தது. "நீ தூங்கறப்பதான் எனக்கு இதைச் சொல்ல வருது. நமக்குப் பிள்ளை இல்லாதது எனக்கு ஒரு குறையாத் தெரியலை. சத்தியமாத் தெரியலை. உனக்குத் தெரியுதோன்னுதான் பயமா இருக்கு. நீ முயல் சுட்டுக் கொண்டாந்து அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுக்கறப்ப எல்லாம் உன் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பேன். உனக்கு ஏக்கமா இருக்கா? இருந்தா சொல்லு. வேணாம், சொல்லாத. தூங்கு."

முகம் தெரியாத இருட்டு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினாலும் திறந்தாலும் ஒன்றாகவே இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"இருந்துச்சு."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இப்ப இல்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். உச்சியில் ஒரு நட்சத்திரம் மங்கலாக இருந்தது. அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு எண்ண முடியாமல் போனது. பதிந்த குரலில் அதற்குமேல் பேச்சு இல்லை, அன்றைக்கு அவள் பேச முடியாமல் அங்கேயே நிறுத்திவிட்டிருந்தாள்.

விளக்கு எரிந்ததும் மேலாளர் அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நேரே அவளிடம் வந்தார். "நடிப்பு மாதிரியே இல்லம்மா. அந்த ஆம்பளைக் குரலுக்குன்னு பின்னாடி தனி ஸ்பீக்கர் வெச்சீங்களா? நல்ல யோசனை. ஆனா அந்த 'இப்ப இல்ல'ங்கறது சரியாக் கேக்கலை. கொஞ்சம் சத்தமா வைங்க."

"சரிங்க மேடம்" என்றாள். வேறு என்ன சொல்வது?

யார் முகத்தையும் பார்க்காமல் மாடியேறி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரின் மூலையில் தேதியைப் பார்த்தாள். அவளுக்குக் கல்யாணமே ஆகாத ஒரு வருஷத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கடிகாரத்தை ஓட்டுகிற, காசு மாதிரிச் சின்ன பேட்டரி செத்துப்போயிருக்கிறது. மின்சாரம் போய் வந்ததும் அது பாட்டுக்குப் பழைய காலத்துக்குப் போய்விட்டது. காலையில் பதிந்த நல்ல குரலுக்கும் அந்தப் பழைய தேதியைத்தான் போட்டிருக்கிறது. கட்டளை கீழே போய்ப் பார்த்திருக்கிறது, கீழே இருப்பதுதான் புதுசு என்று தொடாமல் வந்துவிட்டிருக்கிறது. சொன்னதைத்தான் செய்தது. அதைத் திட்டவும் வழியில்லை.

கதவருகில் ரொட்டி வாசனை வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அந்த மாடிப்படி ஏறியதில்லை.

"இதுதான் உன் ரூமா? எங்க பேக்கரி அடுப்பே இதைவிடப் பெருசு" என்று உள்ளே வந்து, நிற்க இடம் தேடி, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

அவள் திரும்பவில்லை. "எப்ப இருந்துச்சு?" என்றாள்.

"ஆரம்பத்துல. கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சும்மா இருந்துட்டேன். அப்புறம் போயிடுச்சு. எப்பப் போச்சுன்னு எனக்கே தெரியாது." பிறகு, "அக்கா வாசல்ல நிக்கறா. வெள்ளின்னா நல்லதா கெட்டதான்னு கேட்டுட்டு வரச் சொன்னா" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வரவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். "மணி என்ன?" என்று கேட்டாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார். அன்றைய தேதியோடு அந்த மணியையே கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொண்டே, காலையில் பதிந்த நல்ல குரல் கீழே போகாத கதையைச் சொன்னாள்.

"இப்ப அனுப்பினா அந்த நல்ல குரல் கீழே போயிடுமா?"

"அந்தக் கோப்போட தேதியையும் மாத்திட்டு அனுப்பினாப் போயிடும். அது போய் இதை அழிச்சிடும்."

"அழிக்கணுமா?"

அவள் கட்டளையை எடுத்து, மேலே என்ற இடத்தில் கீழே என்றும் கீழே என்ற இடத்தில் மேலே என்றும் மாற்றி எழுதினாள். அந்தக் கம்பியில் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கீழேயிருந்து மேலே ஒன்று வந்து, நல்ல குரலின்மேல் ஏறி உட்கார ஆரம்பித்தது. திரையில் கோடு மெல்ல நீள, அவர் அவள் தோளில் கை வைத்தார். மாவு வேலை செய்து செய்து காய்த்துப்போன கை.

"நகல் வந்துட்டிருக்கு, கை வைக்காத" என்றாள்.

அவர் கையை எடுக்கவில்லை.