கிள்ளிப் போட்ட மொக்கு

பரணைத் துடைக்க ஏறினால் முதலில் வருவது அந்தக் காரம்தான். மூக்குக்குள் ஊசி ஏற்றுகிற காரம். ஒரு தும்மல், இரண்டு தும்மல், பிறகு அக்கா.

அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தியவள். மணிப்பூக் குடும்பம் என்று பலகையில் எழுதி மணிமணியாய்ப் படம் போடுவாள். அந்தக் குடும்பத்துச் செடி ஒன்று நம் வத்தல்மலையிலேயே இருக்கிறது, காட்டுப்புகையிலை, அதன் பூ ஒரு பக்கம் கிழிந்த மணி என்பாள். அவளே பார்த்ததில்லை. ஒரு புத்தகம் வெள்ளை என்றது, இன்னொன்று இளம் ஊதா. சர்க்கரையோ அவள் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. "இந்த வருஷம் பாத்தாத்தான்டா. அப்புறம் நெறம் தெரியாதுன்னுட்டாரு டாக்டர்."

கார்த்திகையில் மலையேறினோம். காப்பித் தோட்டத்து ஓரத்தில் ஆளுயரத்துக்கு நின்றது செடி, நுனியெல்லாம் பச்சை மொக்கு. தோட்டக்கார அம்மாளிடம் என் நம்பரைக் கொடுத்து, "இந்தக் காட்டுப்புகையில தயாரானதும் ஒரு போன் போடுங்க" என்றாள் அக்கா. பூ என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நானாவது சொல்லியிருக்கலாம்.

தை மாதம் போன் வந்தது. போனோம். செடி நின்ற இடத்தில் அடிக்கட்டை. அந்த அம்மாள் காய்ந்த இலைக்கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"மொக்கெல்லாம் அன்னிக்கே கிள்ளிப்புட்டேனுங்க டீச்சர். பூ வுட்டா எலையில காரம் நிக்காதுங்களே. கீழ புகையிலக் காட்டுல வேல செஞ்சவதான நானு."

இலைக்கட்டை அக்காவின் கையில் வைத்தார்.

"உங்க வூட்டு ஐயாவுக்குத்தானுங்களே? வாய்விட்டுக் கேக்கறதுக்கு என்னா கூச்சம்?"

மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"ஆமாங்க," என்றாள் அக்கா. "அவருக்குத்தான்."

வண்டியில் இலைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தும்மினாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சித்திரையில், இலைக்கட்டை என் வீட்டுப் பரணில் விட்டுவிட்டு, மகன் வீட்டோடு இருக்க ஓசூருக்குக் கிளம்பினாள். பஸ்ஸின் ஜன்னலுக்குக் கீழே நான் நின்றதை என் குரலை வைத்துத்தான் கண்டுகொண்டாள். வண்டி நகரும்போது சொன்னாள்:

"வேரு அப்படியேதான்டா இருக்குது. தழைச்சா போய்ப் பாரு. வெள்ளையா ஊதாவான்னு மட்டும் சொல்லு, போதும்."