ஒரு கோடு விட்ட ஸ்வெட்டர்

சுல்மிராவின் வீட்டில் எந்தப் பொருளும் அம்மணமாக இருக்காது. அடுப்படியில் கேஸ் சிலிண்டருக்குப் பச்சைக் கம்பளிச் சட்டை. காப்பிக் கெண்டிக்குக் குஞ்சம் வைத்த தொப்பி. நாற்காலிக் கால்களுக்குக் காலுறை. டிவி ரிமோட்டுக்குக்கூட ஓர் உறை உண்டு. அதை மாட்டிய பிறகு பொத்தான்கள் எதுவும் கைக்கு அகப்படாததால், சேனல் மாற்ற வேண்டுமென்றால் எழுந்துதான் போக வேண்டும்.

"நான் கொஞ்ச நேரம் அசையாம உக்காந்தா போதும், எனக்கும் ஒண்ணு மாட்டி விட்ருவா," என்பான் அவள் புருஷன் அதெலினோ. போவுவா என்ற அந்தக் கடலோர ஊரின் துறைமுகத்தில் அவனோடு வலை பழுதுபார்ப்பவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்தாலும், ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவார்கள்.

அவள் பின்னியதையெல்லாம் அழகு என்று சொல்லிவிட முடியாது. சிலிண்டரின் சட்டை இடுப்பில் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கும். காப்பிக் கெண்டி தொப்பிக்குள்ளே மூச்சு முட்டி நிற்கும். ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் ஒரு கண்ணி போலவே அடுத்த கண்ணி இருக்கும். எதற்கும் ஆகாத ஒன்றை இத்தனை நேர்மையாகச் செய்கிறவர்கள் குறைவு. ஆகிற காரியத்தையே நேர்மையாகச் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், அது வேறு பேச்சு.

காலையில் ரொட்டிக் கடையில் நிற்பாள். மதியம் கடைக் கதவை இறக்கியதும் ஊசிகள் வெளியே வந்துவிடும். நூலைக் கழுத்தைச் சுற்றி விட்டுக்கொண்டு பின்னுவது அந்தப் பக்கத்துப் பெண்களின் வழக்கம். நூலை இழுத்துப் பிடிக்கும் வேலை கழுத்துக்கு, தள்ளிவிடும் வேலை விரல்களுக்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு. கோபம் வந்தால் கழுத்து விறைக்கும், கண்ணி இறுகும். அந்த வீட்டு ஜன்னல் திரையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தால், புருஷனும் பெண்டாட்டியும் எப்போது சண்டை போட்டார்கள், எப்போது சமாதானமானார்கள் என்று சொல்லிவிடலாம்.

அவள் கடற்கரையில் பிறந்தவள் இல்லை. உள்நாட்டில் உருளைக்கிழங்கும் சோளமும் விளையும் ஊரிலிருந்து மீன்காரக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். 'மண்ணுக்காரி' என்று மீன்காரத் தெரு அவளைக் கேலி செய்யும். அவளும் விடமாட்டாள். "மண்ணுல கால் ஊணி நிக்கிறவ நான். உங்களை மாதிரி ஆடிக்கிட்டே நிக்கிறவ இல்ல," என்பாள்.

தான் பின்னியதை அக்கம்பக்கம் கொடுத்துவிடுவது அவள் வழக்கம். கொழுந்தன் செராஃபிமின் கல்யாணத்துக்கு ஒரு பெரிய குஷன் பின்னிக் கொடுத்தாள். அப்போது அவளே அந்தக் குடும்பத்துக்குப் புதுசு. அதன்பின் அவன் வீட்டுக்கு எப்போது போனாலும் அந்தக் குஷன் முகத்தைக் கீழே வைத்துக் கவிழ்ந்து கிடக்கும். தையல் வேலை செய்த பக்கம் சோபாவைப் பார்த்தபடி இருக்கும். பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வாள். வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காத கேள்வி முள்ளைப் போல உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதெலினோவுக்கு ஒரு திருவிழா ஸ்வெட்டர் பின்னினாள். வெள்ளைக் கம்பளி, நெஞ்சில் சிவப்பும் கறுப்புமாகத் தையல் வேலை. மேலே கிரீடம், இரு பக்கமும் நண்டு, கீழே குறுக்காகத் துடுப்புகள், நடுவில் குடும்பக் குறி. குறி இல்லாமல் அங்கே ஸ்வெட்டர் கிடையாது. படகு, வலை, கல்லறை எல்லாவற்றிலும் எழுத்துக்கு முன்னால் குறிதான் ஏறும். அதெலினோவின் தகப்பன் குறி ஒரு பிறை, பிறைக்குள் ஒரு சிலுவை. தலைமகனான அவன் அதன் காலடியில் ஒரு கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அடுத்தவன் என்றால் இரண்டு. கடைக்குட்டிக்குத்தான், அதாவது செராஃபிமுக்குத்தான், கோடில்லாத முழுக்குறி. வீடும் அவனுக்கு, வயதான பெற்றோரும் அவனுக்கு.

கடைசித் தையலுக்கு முன்னால் சுல்மிரா ஸ்வெட்டரைச் சுவரில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கிரீடம் நடுவில். நண்டுக்கு நண்டு. துடுப்புக்குத் துடுப்பு. இந்த நிலையில் பிறையின் காலடியில் வலப்புறம் மட்டும் அந்த ஒற்றைக் கோட்டைப் போட்டால், மொத்தமும் காற்றில் சாய்ந்த படகு மாதிரி ஒரு பக்கமாக இழுக்கும் என்று பட்டது. நூலை வெட்டி முடிச்சுப் போட்டுவிட்டாள்.

பரலோக மாதா திருவிழாவுக்கு முந்தின ஞாயிறு, சப்பரம் தூக்குகிறவர்கள் கோயில் கொட்டகையில் தோள் உயரம் பார்க்கக் கூடினார்கள். முன்வரிசை எப்போதும் அதெலினோவுக்கும் செராஃபிமுக்கும்தான். ஒருவன் அகலம், இன்னொருவன் ஒல்லி. உயரம் மட்டும் ஒரே அச்சு. ஒரு வருடம் செராஃபிம் காய்ச்சலில் படுத்துவிட, வேறொருவன் தோள் கொடுத்தான். அந்த வருடம் மாதா வழிநெடுக வலப்பக்கத்துக் கடைகளையே பார்த்துக்கொண்டு போனாள்.

புது ஸ்வெட்டரைக் காட்டுவதற்காகவே அதெலினோ வியர்க்க வியர்க்க அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். சுல்மிரா சோள ரொட்டிக் கூடையோடு பின்னால் வந்தாள். செராஃபிம் பனிக்கட்டி ஆலையிலிருந்து நேரே வந்தவன், அண்ணன் நெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"யார் குறி இது?"

"எங்கப்பன் குறி," என்றான் அதெலினோ.

"அப்பன் குறி என்கிட்டல்ல இருக்கு? உன் கோடு எங்கேண்ணே?"

அதெலினோ குனிந்து பார்க்கவில்லை.

"நூல் தீந்துபோச்சு போலருக்கு," என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

"ஒரு கோட்டுக்கா நூல் தீந்துச்சு?" என்றான் செராஃபிம். "ரிமோட்டுக்குச் சட்டை போட மட்டும் நூல் இருக்குதா?"

சுல்மிரா கூடையை வைத்துவிட்டு முன்னே வந்தாள். "தம்பி, அதை நான்தான் விட்டேன். போட்டா ஒரு பக்கமா இழுக்குது, பாக்க நல்லா இல்லேன்னு..."

"நல்லா இல்லியா? நாளைக்கு என் பேரும் நல்லா இல்லேன்னு பாதியை வெட்டிருவீங்களாண்ணி? உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. உருளைக்கிழங்குக்கு ஏது குறி?" அண்ணன் பக்கம் திரும்பினான். "இந்த வருசம் என் தோளு கிடையாது. முழுக்குறி போட்டவரே ரெண்டு பக்கமும் தூக்கட்டும்."

போய்விட்டான். ரொட்டியை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுல்மிரா சிவப்பு நூலை ஊசியில் கோத்தாள். "கழட்டுய்யா. ஒரு நிமிச வேலை."

"வேணாம்."

"ஒரு கோடுதானே!"

"ஊரே பாத்துருச்சு. இப்ப கோடு போட்டா, திருடினதைத் திருப்பிக் குடுத்த மாதிரி ஆயிரும்."

"அப்ப மாதா கோணலா போகட்டுமா? நீயும் அவனும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே கிடக்கப் போறீங்களா?"

அதெலினோ ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"காலையில கண்ணாடியிலயே பாத்தேன்டி. கோடு இல்ல. அப்பவே உன்கிட்ட சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"நல்லா இருந்துச்சு."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அவள் 'நல்லா' என்றதும் அவன் 'நல்லா' என்றதும் வேறு வேறு என்று அப்போதுதான் விளங்கிற்று. அவள் நெஞ்சின் இரண்டு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தாள். அவன் கண்ணாடியில் தகப்பனைப் பார்த்திருக்கிறான். மூத்தவனாகப் பிறந்து, முதலில் கடலுக்குப் போய், ஆயுள் முழுவதும் காலடியில் ஒரு கீறலோடு நின்றவன், ஒரு காலைப் பொழுது கீறலில்லாமல் நின்றிருக்கிறான். அதைப் போய் ஊசியால் எப்படிக் குத்துவது?

மறுநாள் கடை அடைத்ததும் செராஃபிம் வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி எர்சீலியா வாசலில் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. கோவமாத்தான் இருக்காரு. ஆனா பசியாவும் இருக்காரு. நாலு மீனு உள்ள போனா சரியாயிரும்."

சுல்மிரா உள்ளே போய் சோபாவில் உட்கார்ந்தாள். பக்கத்தில் குஷன், வழக்கம்போலக் கவிழ்ந்து கிடந்தது. ஏற்கெனவே வெந்துகொண்டிருந்த மனசு. அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"எதுக்கு இதை எப்பவும் கவுத்தே போடுறீங்க? பிடிக்கலேன்னா அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"ஐயோ அக்கா, விடுங்க, விடுங்க," என்று எர்சீலியா மீன் கையோடு ஓடி வருவதற்குள் சுல்மிரா குஷனைப் புரட்டிவிட்டாள்.

பிறை. சிலுவை. காலடியில், ஒரு பிசகும் இல்லாமல், சிவப்பாக ஒரு கோடு.

சுல்மிரா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் புருஷன் குறியைக் கைக்குக் கிடைத்த துணியிலெல்லாம் போட்டுக்கொண்டிருந்தாள். அதே கைப்பழக்கத்தில் தம்பியின் கல்யாணக் குஷனிலும் அண்ணன் குறியைப் போட்டிருக்கிறாள்.

"கல்யாணத்தன்னைக்கே பாத்துட்டோம்ணி." செராஃபிம் கதவோரம் வந்து நின்றிருந்தான்.

"பாத்தவங்க ஏன் சொல்லல?"

"நீங்க அப்பத்தான் வந்திருந்தீங்க. தெருவுக்குத் தெரிஞ்சா, மண்ணுக்காரிக்குப் புருசன் குறியும் தெரியல, கொழுந்தன் குறியும் தெரியலன்னு சிரிச்சே சாகடிச்சிருப்பாங்க. இவதான் கவுத்து வச்சா. யாராவது விருந்தாளி வந்தா நான் அதும்மேலயே ஏறி உக்காந்துக்குவேன்."

இத்தனை வருடம் அவமதிப்பு என்று எதை எண்ணி வந்தாளோ, அது அவள் மானத்தைக் காத்துக்கொண்டு சோபாவில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. சுல்மிராவுக்கு அழுகை வரவேண்டிய இடம். வந்தது சிரிப்பு.

"அப்ப இத்தனை வருசமா உங்கண்ணன் மேலதான் உக்காந்திருக்கியா?"

எர்சீலியா முதலில் சிரித்தாள். செராஃபிம் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. ஆனால் சிரித்து முடித்ததும் அவன் முகம் மறுபடி இறங்கியது.

"குஷன் வீட்டுக்குள்ள கிடக்குண்ணி. ஸ்வெட்டர் வீதியில போகும். அப்பன் படகையும் உடைச்சு வித்தாச்சு. ஐஸ் உடைக்கிறவன் குறியை எதுல போடுவான்? ஐஸ் மேலயா? மத்தியானத்துக்குள்ள கரைஞ்சு போயிரும்."

எர்சீலியா தட்டில் வைத்த மீனை முள் எடுத்துத் தின்றுகொண்டே சுல்மிரா யோசித்தாள். பின்னல்காரிக்கு ஒரு பழக்கம் உண்டு. கண்ணி தவறினால், நூலைக் குறை சொல்லமாட்டாள். எங்கே இடம் மாறியது என்றுதான் தேடுவாள்.

"தம்பி," என்றாள் கையைத் துடைத்துக்கொண்டே. "இந்தக் குஷன் அண்ணனோடது. அந்த ஸ்வெட்டர் உன்னோடது. ரெண்டையும் நான் வீடு மாத்திக் குடுத்துட்டேன். அவ்வளவுதான் நடந்தது."

"அந்த ஸ்வெட்டருக்குள்ள என்னை மாதிரி ரெண்டு பேர் போகலாம்."

"அப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போ."

குஷனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதெலினோவிடம் எல்லாவற்றையும் சொன்னாள், விருந்தாளி வந்தால் தம்பி எதன்மேல் உட்காருவான் என்பது உட்பட. அவன் குஷனை வாங்கிக் கட்டைவிரலால் அந்தக் கோட்டைத் தடவினான்.

"மூத்தவன் மேல ஏறி உக்காந்திருக்கான் பாரு, ராஸ்கல்!" என்றான். பிறகு, "உன் பேரு கெடக்கூடாதுன்னு," என்றான்.

"ஆமா."

"ஸ்வெட்டரைக் குடுத்தா, திருப்பிக் குடுத்த மாதிரி இருக்காதா?"

"கோடு போட்டாத்தான் திருப்பிக் குடுக்கிறது. இது அண்ணன் தம்பிக்குக் குடுக்கிறது."

அவன் கண்ணாடி முன் போய் ஸ்வெட்டரை ஒரு தடவை நெஞ்சில் வைத்துப் பார்த்தான். பிறகு மடித்தான். வலைக்காரன் மடிப்பு, மூலைக்கு மூலை சரியாக இருந்தது. பெண்டாட்டியிடம் கொடுத்து அனுப்பவில்லை. தானே எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவன் மேல் மீனும் மதுவும் மணத்தன.

திருவிழா அன்று கடற்காற்று பலமாக இருந்தது. செராஃபிமின் ஸ்வெட்டர் முட்டிவரை தொங்கியது. கைகளைச் சுருட்டிச் சுருட்டி விட்டதில் மணிக்கட்டுகளில் உளுந்துவடை மாதிரி இரண்டு வளையம். காற்று உள்ளே புகுந்து படகுப் பாய் போல உப்பியது. "டேய், துடுப்பு எதுக்கு, நீயே படகாயிட்டியே!" என்றார்கள். அவன் நெஞ்சை இன்னும் நிமிர்த்தினான். கோடில்லாத பிறை உப்பிக்கொண்டு எல்லோருக்கும் தெரிந்தது.

அதெலினோ வெறும் வெள்ளைச் சட்டையில் வந்தான், கையில் குஷனோடு. சப்பரக் கழிக்கும் தோளுக்கும் நடுவே எல்லோரும் ஒரு துணிச் சும்மாடு வைப்பார்கள். அவன் அங்கே குஷனை வைத்தான், குறி வெளியே தெரியும்படி.

விழாக்குழுக்காரர் பதறினார். "உன் பக்கம் மட்டும் ஏறிடுமேய்யா! மாதா மறுபடியும் கடை பார்த்துக்கிட்டே போவாளா?"

செராஃபிம் மிஞ்சிக் கிடந்த கம்பளியையெல்லாம் மேலே இழுத்துத் தன் தோளில் மடித்து வைத்துக் கழியை அதன்மேல் ஏற்றினான். குஷனின் தடிமனும் கம்பளி மடிப்பின் தடிமனும் ஏறக்குறையச் சரியாக இருந்தன. வெடி போட்டார்கள், மணி அடித்தது, மாதா நேராகப் பார்த்தபடி கிளம்பினாள்.

சுல்மிராவும் எர்சீலியாவும் தெருவோரம் நின்று பார்த்தார்கள். சுல்மிரா முதலில் கண்ணிகளைப் பார்த்தாள். ஸ்வெட்டரில் ஒன்றும் அவிழவில்லை. குஷனின் பழைய பின்னல் தளர்வாக, சண்டை தெரியாத காலத்துக் கழுத்தோடு இருந்தது. அதன் ஓரத்தில் அந்த ஒற்றைக் கோடு இத்தனை நாளைக்குப் பிறகு வெயிலைப் பார்த்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள் எர்சீலியா.

சுல்மிரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒரு பக்கமா இழுக்குது."

"ஐயோ, மாதாவா?"

"மாதா இல்லடி, கோடு. இழுத்துட்டுப் போகட்டும்."