கடைவாய்ப் பல்லும் கண் பயமும்

ஆறு வருடம் அந்தப் பல்லோடு காலம் தள்ளினேன். கீழ்வரிசையில் கடைசியாக முளைத்த பல். பாதி வெளியே, பாதி ஈறுக்குள். மாதத்துக்கு ஒருமுறை ஈறு வீங்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பேன், கிராம்பைக் கடித்துக்கொண்டு, கேரள எல்லைக்கு அப்பால் குன்னத்துகால் பக்கம் ரப்பர் வெட்டப் போவேன். வீக்கம் இறங்கும், மறுபடி வரும்.

பிடுங்காமல் இருந்தது வலிக்குப் பயந்து அல்ல. கூட ரப்பர் வெட்டுகிறவர் ஒருநாள் சொன்னார்:

"எலே, கடைவாப் பல்லுல கைய வைக்காத. அதுக்க நரம்பு கண்ணுக்காக்கும் போவுது. எங்க மாமனுக்கு பல்லப் பிடுங்கித்தான் பார்வை போச்சு."

அந்த மாமனுக்கு அப்போது எண்பது வயது இருக்கும். அதை நான் யோசிக்கவில்லை.

ரப்பர் வெட்டு கண்ணை நம்பிய வேலை. விடிவதற்கு முன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் கத்தி பட்டைக்கு உள்ளே இருக்கிற தடியில் பட்டு மரம் காயப்படும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்ற எனக்கு வேறு தொழில் தெரியாது.

போன மழையில் தாடை இறுகிவிட்டது. வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. கஞ்சி கடைவாயில் வழிவதைப் பார்த்த மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"கண்ணு போறதுக்கு முன்ன உயிரு போயிரும் போல இருக்கு. எழும்பி வாருங்க."

பஸ்ஸில் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். முதல் நாள் மாத்திரை மட்டும் தந்தார்கள். வீக்கம் வடிந்தபின் பல்லைப் படம் எடுத்து, ஒரு சம்மதத் தாளைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. தாளைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சின்ன வயது டாக்டரம்மா பக்கத்தில் வந்தார்.

"என்ன அண்ணா, ஒப்பிடல்லியா?"

"இதுல கண்ணப் பற்றி வல்லதும் எழுதியிருக்கா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "கண்ணுக்கு ஒண்ணும் வராது. சிலருக்கு உதடு மரத்துப்போவும்னு உண்டு, அவ்வளவுதான். இது கடைசியா வாற பல்லு. அதுக்குள்ள தாடையில இடம் தீந்து போவும். இடம் இல்லாட்டி சரிஞ்சு கிடக்கும். மேல மூடுன ஈறுக்குள்ள ஆகாரம் கேறிப் பழுக்கும். அதுக்காக்கும் எடுக்கியது. நேரா நிக்கிய பல்ல ஆரும் சும்மா எடுக்கமாட்டாவ."

படத்தைக் காட்டினார். என் பல் படுத்துக் கிடந்தது, அதன் தலை பக்கத்துப் பல்லில் முட்டியிருந்தது. முட்டிய இடத்தில் ஒரு கறுப்புக் குழி.

"கொஞ்சம் முன்னே வந்திருந்தா பக்கத்துப் பல்லு பிழைச்சிருக்கும்."

இரண்டு பல்லையும் எடுத்தார்கள். திரும்பி வரும்போது வாயில் பஞ்சு இருந்ததால் பேச வேண்டியிருக்கவில்லை. மனைவி மாத்திரைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எட்டாம் நாள் தோட்டத்துக்குப் போனேன். முதல் மரத்தில் கத்தியை வைத்தேன். சீவல் மெல்லிசாக விழுந்தது. குனிந்து வெட்டை விரலால் தடவிப் பார்த்தேன். தடியில் படவில்லை. பால் ஊறி, வெட்டின சாலில் இறங்கி, மரத்தில் கட்டிய சிரட்டையில் சொட்டத் தொடங்கியது.

நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கண்ணைப் பற்றிய அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு ஆறு வருடம் ஆனதை நினைத்ததும் உடம்பு அசந்துவிட்டது. கொஞ்சநேரம் மரத்தில் சாய்ந்து நின்றேன். இன்னும் முந்நூறு மரம் கிடந்தது.