கன்னத்துப் புண்

சிதம்பரத்தில் ஆய்வு மாணவியாக இருந்த ஆண்டுகளில் என் வேலை முழுவதும் ஒரே புரதத்தைப் பற்றியது. அது செல்லின் உட்கருவில் இருக்கும். மரபுப்பொருள் சிதைந்தால் செல் பிரிவதை நிறுத்தும். சீர்செய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும். ஹாம்ஸ்டர் எலிகளின் கன்னத்தில் வேதிப்பொருள் தடவிப் புற்றை வரவழைத்து, அங்கே அப்புரதம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். நல்ல செல்லில் அது கண்ணுக்கே படாது. அந்தப் புரதமே கெட்டுப்போனாலோ, அழியாமல் உட்கருவிலேயே குவிந்து, நுண்ணோக்கியின் கீழ், சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் அடர்பழுப்பாகத் தெரியும். எவ்வளவு நிறைந்திருந்தாலும் எதையும் தடுக்காது.

அப்போதுதான் கடலூரில் என் தாய்மாமாவுக்கு, புகையிலை அடக்கும் கன்னத்தில், ஆறாத புண் வந்தது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டியவர் அவர். சோதனை முடிவை மருத்துவர் அத்தையிடமும் என்னிடமும் மட்டும் சொன்னார்: புற்று, சீக்கிரம் அறுத்தெடுத்தால் பிழைக்கலாம்.

படியிறங்கும்போதே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "புண்ணுன்னே சொல்லு. பேரக் கேட்டாலே மனுசன் படுத்துடுவாரு."

அந்த அச்சம் எனக்கும் இருந்ததால் ஒப்புக்கொண்டேன். ஆனால் வெறும் புண்ணுக்காகக் கன்னத்தை அறுத்துக்கொள்ள யார் சம்மதிப்பார்? ஆலையில் கரும்பு அரவை முடியட்டும் என்று மாமா தள்ளிப்போட்டார். சனிக்கிழமைதோறும் போவேன், புண் பெரிதாகியிருக்கும். காரணத்தை விழுங்கிவிட்டு வற்புறுத்துவேன். என் படிப்பைப் பற்றி அவர் கேட்டால் அத்தை பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் அத்தை கடைக்குப் போயிருந்தார். மாமா கஞ்சியை ஒரு பக்கமாக உறிஞ்சியபடி கேட்டார்.

"எலிய வச்சி என்னாம்மா பண்றீங்க அங்க? அதுக்கும் ஸ்காலர்ஷிப் உண்டா?"

"நோவு வரவச்சிப் பாக்குறோம் மாமா."

"எங்க வரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "கன்னத்துல."

டம்ளரைக் கீழே வைத்தார். வாசலில் நின்ற டிராக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா நோவுன்னு எலிக்குச் சொல்வீங்களா?"

"இல்ல மாமா."

"எனக்குச் சொல்லு."

சொன்னேன்.

அத்தை திரும்பியபோது மாமா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் சாவியை அத்தையின் கையில் வைத்தார். "ஓனருகிட்ட குடுத்துடு. ஏண்டி, என்னயும் எலின்னே நெனச்சிட்டியா?"

அத்தை என்னைப் பார்த்தார்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். தள்ளிப்போன வாரங்களில் புற்று எதுவரை போயிருக்கிறது என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர்.